முதலில் படுக்க இடம், பிறகு பார்க்க இடம்

(பழைய மாணவர் சங்கக் குடும்ப விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாரும் குறுக்கே கேள்வி கேட்கமாட்டார்கள். பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். "உன் துறையைப் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். என் துறை கியர் பாக்ஸ். அதைப் பற்றிப் பேசினால் மீதிப் பாதியும் தூங்கிவிடும் என்பதால் வேறு தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

காலையில் வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். வரும் மே மாதம் சங்கத்தின் சார்பில் நடக்கப்போகும் குடும்பச் சுற்றுலா நிகழ்ச்சி நிரல். இரண்டு வேன், மூன்று நாள், பதினான்கு இடம். மிக நன்றாகத் தயாரித்திருக்கிறார்கள். ஆனால் முதல் நாள் ராத்திரி எங்கே படுப்பது, இரண்டாம் நாள் ராத்திரி எங்கே படுப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் 2019-ஆம் வருடம் மே மாதம் இதே மாதிரி ஒரு தாளை நானே தயாரித்தேன்.

நாங்கள் பதினோரு பேர். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், என் மாமனார், மாமியார், நான், என் மனைவி, இரண்டு வயது மகன். டிரைவரோடு பன்னிரண்டு. பொறியாளன் அல்லவா, கட்டம் போட்டு நேரம் குறித்திருந்தேன். காலை 4.30-க்குப் பெரம்பலூர். 6.30-க்குக் கங்கைகொண்ட சோழபுரம். அப்புறம் வைத்தீஸ்வரன்கோயில், பூம்புகார், தரங்கம்பாடி, அதற்கப்பால் இன்னும் இரண்டு ஊர். இரவு தங்குமிடம் என்ற கட்டத்தில் "அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தேன்.

பதினோரு பேர் கிளம்பும் வீட்டில் 4.30 என்றால் 6 மணி. அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. வைத்தீஸ்வரன்கோயிலில் நடை சாத்திவிட்டார்கள். பூம்புகார் மணலில் நட்ட நடு மத்தியானத்தில் நின்றோம். தரங்கம்பாடிக் கோட்டையை, 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டியதை, வேனில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள் பெரியவர்கள். இருட்டிய பிறகு கடலோர ஊர் ஒன்றில் லாட்ஜ் தேடினோம். சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. எங்கும் இடம் இல்லை. இரவு 11 மணிக்கு ஒரு மண்டபத்தின் மாடியில் ஒரு ஹால் கிடைத்தது. பதினோரு பேருக்கு ஒரே கழிப்பறை. அதுவும் கீழே, பின்பக்கம். குழாயில் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் காலை அம்மாவுக்குக் குளிர் ஜுரம். உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீர் வற்றிப்போய், சிறுநீரில் கிருமி தொற்றியிருக்கிறது என்றார் டாக்டர். "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. டாக்டர் நகர்ந்த பிறகு என்னிடம் சொன்னார்: "எங்க போறதுன்னே தெரியல. எதை நம்பிப்பா தண்ணி குடிக்கிறது?"

நண்பர்களே, வேனில் இருபது லிட்டர் கேன் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றை அன்று முழுவதும் திறக்கவே இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. பிறகு விசாரித்தால் அம்மா மட்டும் இல்லை. அண்ணி, என் மனைவி, அத்தை, பத்து வயசுப் பெண் உள்பட எல்லோரும் அன்றைக்கு நாக்கை நனைத்ததோடு சரி. ஆண்கள் நாங்கள் நாலு இடத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். அவர்கள் இறங்கவே இல்லை. யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

மூன்று நாள் டூர் ஒன்றரை நாளில் முடிந்தது. அம்மா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். "இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் கம்பெனியில் என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 2022 கோடையில் கூட வேலை பார்க்கும் ஜெர்மானியர் ஒருவர் தன் குடும்பத்தோடு டூர் கிளம்பினார். "நீங்களும் வாங்க, எங்களிடம் இன்னொரு கூடாரம் இருக்கிறது" என்று கூப்பிட்டார். ஐரோப்பாவில் கோடை விடுமுறைக்குக் கூடாரத்தையோ, காருக்குப் பின்னால் இழுக்கும் வண்டி வீட்டையோ கொண்டுபோய் இதற்கென்றே இருக்கும் முகாம் மைதானங்களில் தங்குவது சாதாரணக் குடும்ப வழக்கம். இங்கிலாந்தில் 1901-லேயே இதற்குச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். அதை ஆரம்பித்த ஹோல்டிங் என்பவர் 1908-ல் முகாம் போடுவது பற்றிக் கையேடே எழுதினார்.

நான் என்ன எதிர்பார்த்தேன்? எந்த மலை, எந்தக் கோட்டை, எந்த அருவி என்று முதலில் பேசுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் ஒரு தடித்த புத்தகத்தை மேசைமேல் வைத்தார். அந்த நாட்டு மோட்டார் சங்கம் போடும் முகாம் வழிகாட்டி. ஒவ்வொரு மைதானத்துக்கும் கழிப்பறை எப்படி, குளியலறை எப்படி, நிழல் உண்டா, குழந்தைகளுக்கு என்ன வசதி என்று குறி போட்டிருக்கிறது. அவர் அதைத்தான் முதலில் பார்த்தார். பத்து நாளுக்கு மூன்றே மைதானம். மூன்றும் முடிவான பிறகுதான், "சரி, இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் என்னவெல்லாம் பார்க்கலாம்?" என்று வரைபடத்தைப் பிரித்தார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. கழிப்பறைக் கட்டடத்துக்கு ஒட்டினாற்போல் கூடாரம் போடக்கூடாது. ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் இருக்கும். ரொம்பத் தள்ளியும் போடக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பள்ளமான இடம் கூடாது. மழை வந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். சின்னக் குழந்தை இருந்தால் ஏரிக்கரையை ஒட்டிய அழகான இடத்தை வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். பக்கத்தில் ரயில் பாதை போகிறதா என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நாடே டூர் போகும், ஆகவே இடத்தை முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

நான் இரண்டு தடவை அசடு வழிந்தேன். ஒரு மைதானத்துக்கு மத்தியானம் 1.20-க்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. அங்கே பல மைதானங்களில் 1 மணியிலிருந்து 3 மணி வரை ஓய்வு நேரம், வண்டி உள்ளே நுழையக்கூடாது. இரவு 10 மணிக்கு மேல் சத்தமும் கூடாது. இந்த நேரத்தைக் கேட்டுச் சொல்லும் வேலை என்னுடையது. நான் கேட்கவில்லை. வெளியே காரில் ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்று, மின்சாரம். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் இணைப்புக் கொடுப்பார்கள். அங்கே 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். நான் ரைஸ் குக்கரையும் 2,000 வாட் கெட்டிலையும் சேர்த்துப் போட்டேன். டப் என்று எல்லாம் அணைந்தது. மெக்கானிக்கல் படித்தவன்தான், ஆனாலும் முதல் வருடத்தில் நம் சார் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. இங்கே உட்கார்ந்திருக்கிறார், மன்னிக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் என் மனைவி நன்றாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு நாள் ராத்திரி அவளே சொன்னாள், "அத்தையைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்." எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டில் இருக்கிறது, நம் ஊரில் இல்லை என்று பேசுவது சுலபம். எனக்கு உறைத்தது வேறு. 2019-லும் ஒரு மாதத்துக்கு முன்னால் நான் பத்து போன் போட்டிருந்தால் நல்ல இடம் கிடைத்திருக்கும். நான் போடவில்லை.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாததும் அல்ல. ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது கூடவே சத்திரமும் கட்டினார். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. 1801-ல் அவர் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், வழியில் நோய்வாய்ப்பட்டவர்களுக்கும் பிரசவ வேதனை கண்ட பெண்களுக்கும் சத்திரங்களில் நடக்கும் கவனிப்பை விவரித்திருக்கிறார். பாதையை எடுத்தவர்கள் தங்குகிறவர்களைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள்.

சரி, நம் ஊர் டூருக்கு வருவோம். தங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, கழிப்பறை. போனில் "வசதி எல்லாம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்றுதான் பதில் வரும். எண்ணிக்கை கேளுங்கள். எத்தனை கழிப்பறை? எந்த மாடியில்? முட்டிவலிக்காரர்கள் உட்காரும் மேல்நாட்டு வகை ஒன்றாவது கீழ்த்தளத்தில் உண்டா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? காலையில் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் பதினோரு பேருக்கு ஒரு கழிப்பறையில் 110 நிமிஷம். இரண்டு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். சுற்றுலாத் தாளில் "8 மணி புறப்பாடு" என்று எழுதுகிறவர்கள் இந்த வகுத்தலையும் போட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 லிட்டர் வைத்தால் பதினோரு பேருக்கு 1,100 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான், அதுவும் மற்ற அறைகளுக்கும் சேர்த்து என்றால், கரண்ட் போனால் மோட்டாருக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். மே மாதத்தில் இது அவசியமான கேள்வி.

மூன்றாவது, போய்ச் சேரும் நேரம். மாலை 5 மணிக்குள் சேர்கிற மாதிரி இடம் பாருங்கள். வெளிச்சத்தில் போனால் அறை சரியில்லை என்றாலும் வேறு தேடலாம். ராத்திரி 11 மணிக்குப் போனால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மலை ஊருக்கு இது இன்னும் முக்கியம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டில், பசியில், வாந்தி எடுக்கும் பிள்ளைகளோடு அதில் ஏறக்கூடாது.

நான்காவது, டிரைவர் எங்கே படுப்பார்? 2019-ல் எங்கள் டிரைவர் அண்ணன் காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை ஓட்டிவிட்டு, கொசுக்கடியில் வேன் சீட்டில் படுத்தார். மறுநாள் அவர் கையில்தான் பதினோரு உயிர். அவருக்கு ஃபேனோடு ஒரு கட்டில் இல்லாத இடம் நமக்கும் வேண்டாம்.

ஐந்தாவது, சமையல். பாத்திரம், அடுப்பு எல்லாம் கொண்டுபோய் வழியில் சமைப்பது நம் பழக்கம். அதில் ஒரு சுகமும் இருக்கிறது. ஆனால் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல்கூடம் உள்ள சத்திரமாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் புளிசாதம், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

இந்த ஐந்துக்கும் நல்ல பதில் வந்த பிறகு பார்க்கும் இடங்களுக்கு வாருங்கள். தங்குமிடத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் 60 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். உதாரணமாகக் கும்பகோணம். அங்கிருந்து தாராசுரம் 4 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் 35 சொச்சம். தஞ்சாவூர் 40. தரங்கம்பாடி 60-ஐ ஒட்டி வரும். 2019-ல் நான் வேனில் வைத்து இழுத்தடித்த ஊர்களில் பெரும்பாலானவை ஒரே கட்டிலிலிருந்து பார்க்கக்கூடியவை! தினமும் மூட்டை கட்டி, மூட்டை பிரித்து, புது ஊரில் அறை தேட வேண்டியதே இல்லை. எந்த இடத்துக்கு எந்தக் கழிப்பறையை நம்பிப் போகிறோம் என்பதையும் தாளில் எழுதுங்கள். டீசல் போடும் பங்க், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி, சாப்பிடும் ஓட்டல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் பெண்கள் முதலில் இறங்கட்டும்.

பருவத்தையும் பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஏரி, நம் அரியலூர் மாவட்டத்துக்கே பெருமை. ஆனால் பறவைகள் கூட்டமாக வருவது குளிர்காலத்தில். மே மாதத்தில் போய் வெயிலைத்தான் பார்ப்போம். அதை டிசம்பருக்கு மாற்றலாம். சாத்தனூர் கல்மரம் 12 கோடி வருடப் பழமை, 18 மீட்டர் நீளம், பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு டூரே வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிருந்தே போய் வரலாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் மத்தியானம் கல்தளத்தில் கால் வைக்க முடியாது. காலையிலோ, 4 மணிக்கு மேலோ வையுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கூடாரம் போட்டுத் தங்க உங்களுக்கு ஆசை இருக்கும். நல்ல ஆசைதான். ஆனால் கோடைக் காடு காய்ந்த விறகு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் உங்களைப்போன்ற இளைஞர்கள். வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் கூடாரம் வேண்டாம். அனுமதி உள்ள இடத்திலும் நெருப்பு மூட்ட வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். போன வருடம் மே மாதம் அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். "வேணாம்ப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். கும்பகோணத்தில் எடுத்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். கீழ்த்தளம், மூன்று கழிப்பறை, ஒன்று மேல்நாட்டு வகை, தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது, என் மனைவியும் அண்ணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்றேன். பார்க்கப் போகும் கோயில் எதையும் நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணியே பாத்துட்டு வந்தாளா?" என்று கேட்டார். "ஆமாம்மா." "அப்ப சரி, வர்றேன்."

மூன்று நாளில் நான்கே இடம் பார்த்தோம். இரண்டாம் நாள் தரங்கம்பாடியில் அம்மா வேனை விட்டு இறங்கி, கோட்டைச் சுவர் நிழலில் கடலைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் குடு." நான் எத்தனையோ இயந்திரங்களை ஓடவைத்துப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு சொல் கொடுத்த திருப்தியை எதுவும் கொடுத்ததில்லை.

செயலாளர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலாக் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறீர்கள், எட்டும் ஆண்கள். நான்கு பெண்களைச் சேருங்கள். அதில் முட்டிவலி உள்ள ஒரு பெரியம்மாவும், கைக்குழந்தை உள்ள ஒரு தங்கையும் இருக்கட்டும். தங்கும் இடத்தை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். பதினான்கு இடத்தை ஆறாகக் குறைக்கும் வேலையை நாம் செய்வோம். தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்து வந்திருக்கிறேன், இப்போதே தருகிறேன்.